‘பிடிச்சாச்சு’ என்று சொல்லும் வரை

ஆஸ்பத்திரியில் நான் தள்ளுவண்டி தள்ளுகிறவன். நோயாளியைப் படுக்க வைத்து ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒரு மத்தியானம் காலி வண்டியோடு மூன்றாம் மாடியில் லிப்ட்டுக்காக நின்றேன். என் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். சற்று முன்புதான் அவள் புருஷன் கண்ணை மூடியிருந்தான். கீழே அவளுடைய பிள்ளைகளும் மாமியாரும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. இவள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

லிப்ட் வந்தது. லிப்ட் ஓட்டும் அம்மா அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் முக்காலிக்கு அடியில் வைத்திருந்த ‘பழுது’ என்ற தகரப் பலகையை எடுத்து வெளியே ஆணியில் மாட்டினார். நாங்கள் உள்ளே ஏறியதும் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். கீழே போக வேண்டிய லிப்ட் மேலே போனது. உச்சி மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது, ஆள் நடமாட்டமும் இல்லை. அங்கே போய் நிறுத்திவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அதைப் பார்த்து நானும் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் அழுதாள்.

கீழேயிருந்து மணி அடித்தபடியே இருந்தது. யாரோ கம்பிக் கதவைத் தட்டினார்கள். இவர் அசையவில்லை. அவளாகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்று சொன்ன பிறகுதான் பட்டனை அமுக்கினார். கீழே பெரிய டாக்டர் ஒருவர் சிடுசிடுவென்று நின்றார். லிப்ட்டுக்கு என்ன கேடு என்று கேட்டார்.

“மூச்சு வாங்கிச்சு சார். இப்ப சரியாயிடுச்சு” என்றார் இவர்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் அவர் இருந்தவரை சொல்லவில்லை. ஆண்டவன் பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் அவரை லிப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த வீட்டின் நடு அறையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் அவருடையது. ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதை அண்ணன் சொல்வார். விளக்கை எப்போது அணைப்பது என்று அண்ணி சொல்வார். கெட்டவர்கள் இல்லை. ஆனால் இவரிடம் எதையும் கேட்டுச் செய்யும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். வேலையிலும் அப்படியே. ஏறுகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், இவர் அமுக்குவார். ஆயுசு முழுக்க அடுத்தவர் சொன்ன இடத்துக்குப் போய் வந்தவர்.

பிறகு ஆஸ்பத்திரியில் தானாக ஓடுகிற லிப்ட் வந்தது. இவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துக் கைதட்டினார்கள். முக்காலியை யாரோ ஸ்டோர் ரூமில் போட்டார்கள். இவர் கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். புது லிப்ட்டில் ஏறவில்லை.

நெடுநாள் கழித்து அதைப் பற்றி என்னிடம் பேசினார். “போகச் சொன்னது தப்பில்ல தம்பி. மெஷின் வந்தா ஆள் போகத்தான் வேணும். நான் ஒரு வார்த்தை பேசாம போனேன் பாரு, அதுதான் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.”

அந்த முள் எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவின் கோடியில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூடத்தில் சிலைகளும் காசுகளும் கண்ணாடிக்குள் இருக்கும். பின்பக்கம் ஒரு நீளமான அறை. ஊர் ஜனங்கள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொடுத்த வீட்டுச் சாமான்களெல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. தொட்டில், தராசு, இஸ்திரிப் பெட்டி, ஏணி, ரேடியோ, அடுப்பு, அண்டா. கூரை ஒழுகி, பாதி சாமான்களில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த அறையைச் சரிபண்ணி, ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் கூடமாகத் திறக்கப் போகிறோம், சம்பளம் இல்லாமல் கைகொடுக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். லிப்ட்டக்கா அதைப் படித்துவிட்டு நேரே உள்ளே போனார். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு லீவு நாளில் பிரார்த்தனை முடிந்தால் வேறு வேலை கிடையாது.

அங்கே நாங்கள் ஒரு சிறு கூட்டம். அக்காவையும் என்னையும் தவிர இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. இன்னொருத்தி பேக்கரியில் தட்டுகள் கழுவும் பெண். கேட்டால்தான் பேசுவாள், அதுவும் தரையைப் பார்த்துத்தான். எங்களுக்கெல்லாம் மேலே காப்பாளர். படித்தவர், கண்டிப்பானவர். ஒரு உடைந்த கரண்டியைக்கூட இரண்டு கையால் எடுப்பார்.

லிப்ட்டக்கா தலைவி ஆனது ஒரு வேடிக்கை. முதலில் வருகிறவரிடம் காவலாளி பின் அறைச் சாவியைக் கொடுப்பார். முதலில் வருவது எப்போதும் இவர்தான். ஒருநாள் காப்பாளர் வந்து, உங்களில் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். தையல்காரர் மட்டும், “சாவி யார் இடுப்புல இருக்கோ அவங்கதான் சார் தலைவி” என்றார். சிரித்தோம். காப்பாளர் சிரிக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அதை வீட்டில் சொல்லியிருக்கிறார் லிப்ட்டக்கா. பட்டன் அமுக்கினவளுக்குத் தலைமைப் பதவியா என்று அண்ணன் கேட்டாராம்.

தலைவி என்றதும் அவர் செய்தது ஒன்றே ஒன்று. எல்லா வேலையையும் தானே செய்தார். எங்களை இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்போம்; அவர் ஏணியைத் தூக்குவார், பெட்டியை இழுப்பார், பூஞ்சையைத் துடைப்பார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவோம். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு நாளில் தையல்காரர் சொன்னார்: “அக்கா, நாங்க உங்களைத் தலைவியாக்கினோம். நீங்க எங்களை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா ஆக்கிட்டீங்க. வர்றோம், உக்கார்றோம், போறோம்.”

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் யோசனையாகவே இருந்தார். மறுதடவை வந்ததும் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார். லிப்ட்டில் கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் மாற்றி. உனக்கு எங்கே போக வேண்டும், எந்தச் சாமான் உன் கைக்கு வரும் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டார். தையல்காரர் துணிகளைக் கேட்டார். நான் பாரமானவற்றை வண்டியில் ஏற்றித் தள்ளுவதாகச் சொன்னேன். பேக்கரிப் பெண் தரையைப் பார்த்தபடி, பாத்திரம் என்றாள். அவளுக்கு அதுதான் தெரியும்.

இரண்டாவது பாடத்தைக் காப்பாளரே சொல்லிக்கொடுத்தார். ஒரு பழைய மர ரேடியோவை நானும் தையல்காரரும் கைமாற்றும்போது, நான் பிடித்துவிட்டேன் என்று அவர் நினைத்தார், அவர் விடவில்லை என்று நான் நினைத்தேன். ரேடியோ தரையில் விழுந்து ஒரு குமிழ் உருண்டு ஓடியது. காப்பாளர் கோபப்பட்டாலும் கத்தவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் கொடுப்பவர், வாங்குபவர் ‘பிடிச்சாச்சு’ என்று வாயைத் திறந்து சொல்லும் வரை விடக் கூடாது என்றார். தலையாட்டினால் போதாது, கண்ணால் சொன்னால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

லிப்ட்டக்காவுக்கு அந்த விதி கல்கண்டு மாதிரி இனித்தது. சாமானுக்கு மட்டுமா, வேலைக்கும் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு வேலையை ஒருவரிடம் கொடுத்தால் அவர் ‘பிடிச்சாச்சு’ என்று சொல்லும் வரை எதிரிலேயே நிற்பார். சொன்ன பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அறை முழுக்க ‘பிடிச்சாச்சு’, ‘பிடிச்சாச்சு’ என்று சத்தம் கேட்கும். தையல்காரர் தன் வீட்டில் மனைவி காப்பி கொடுத்தால்கூட அப்படிச் சொல்ல ஆரம்பித்து, அவளிடம் முறைப்பு வாங்கியதாகச் சொன்னார். ஆனால் வேலை ஓடியது. குவியல் கரைந்தது. சுவர் தெரிந்தது. அக்காவின் குரலும் மாறியது. “நீ அந்தப் பக்கம் பிடி” என்று சாதாரணமாகச் சொல்ல வந்துவிட்டது அவருக்கு. தான் சொல்லி நாலு பேர் நகர்வதைப் பார்த்து அவரே ஒருமுறை திகைத்து நின்றதை நான் கண்டேன்.

அப்புறம்தான் அண்டா விஷயம் நடந்தது.

மூலையில் ஒரு பெரிய பித்தளை அண்டா கிடந்தது. இரண்டு பேர் உள்ளே உட்காரலாம். வெளிப்பக்கம் முழுக்கக் கரி, அட்டை கனத்துக்கு. லிப்ட்டக்கா பேக்கரிப் பெண்ணிடம், இதை நீ பார்த்துக்கொள் என்றார். அவள் ‘பிடிச்சாச்சு’ என்றாள். அக்கா தன் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் ஒரே அர்த்தம்தான். பேக்கரியில் தட்டு ஒன்றில் துளி கரி இருந்தாலும் முதலாளி முகத்தில் வீசுவார். அவள் சாம்பலும் கம்பி நாரும் எலுமிச்சைத் தோலும் கொண்டுவந்தாள். முழங்கை வரை கறுப்பாகி, வியர்வை ஒழுக, நாலு பக்கமும் தேய்த்தாள். அடியை மட்டும் தேய்க்க முடியவில்லை. தனியாகக் கவிழ்க்க முடியாத பாரம். முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். அவள் தானாக வந்து ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அண்டா தகதகவென்று நின்றது. எங்கள் முகம் அதில் அகலமாகத் தெரிந்தது. தையல்காரர் தலை வாரிக்கொண்டார். அக்கா அவள் கன்னத்தைத் தொட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டியே என்று மெச்சினார். நாங்கள் எல்லோரும் மெச்சினோம். ஒருவருக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

காப்பாளர் வந்தார். அண்டாவைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். எங்கள் பெற்றோர் காலத்தில் ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது, மேட்டுத் தெருவில் இந்த அண்டாவை வைத்துத்தான் ஊருக்கே சமைத்தார்கள். விறகு தீர்ந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதவையும் நாற்காலியையும் உடைத்துக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார்கள். அந்தக் கதவுகளின் கரிதான் இதன்மேல் இருந்தது. அண்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கரி இனிமேல் எங்கேயும் கிடைக்காது.

பேக்கரிப் பெண்ணின் கைகள் இன்னும் கறுப்பாக இருந்தன. அவள் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் மனதுக்குள், இறைவா, இந்தப் பிள்ளையை இப்போது யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டினேன்.

காப்பாளர் தலைமை அலுவலகத்துக்குப் போனில் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. பதில் உடனே வந்தது. யார் செய்தது என்று பெயரைச் சொல்ல வேண்டும், அவர் இனி உள்ளே வரக் கூடாது. மற்றவர்களுக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். மிச்ச வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுப்பார்கள். அந்த அறையில் முக்கால்வாசி வேலையை நாங்கள் முடித்திருந்தோம். திறப்பு விழா பக்கத்தில் வந்துவிட்டது.

காப்பாளர் அதை எங்கள் முன்னால் நின்று வருத்தத்தோடுதான் சொன்னார். வந்ததற்கு எல்லோருக்கும் நற்சான்று தருவோம் என்றும் சொன்னார். நான் லிப்ட்டக்காவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நின்ற அதே நிற்பு. ஒருதரம் வாயை மூடிக்கொண்டு போனவர். இந்தத் தடவையும் போனால் அந்த முள் அவரோடு மண்ணுக்குத்தான் போகும் என்று எனக்குப் பட்டது.

பேக்கரிப் பெண் எழுந்திருக்கப் போனாள். லிப்ட்டக்கா அவள் பக்கம் திரும்பாமலே அவள் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

“யாரு செஞ்சதுன்னு கேக்காதீங்க சார். பொறுப்பு யாரோடதுன்னு கேளுங்க, சொல்றேன். என்னோடது.”

பெயர் வேண்டும் என்கிறார்கள் அம்மா என்றார் காப்பாளர்.

“என் பேரை எழுதிக்கோங்க. வேற பேரு இங்க கிடையாது. அண்டாவைக் குடுத்தேன், ஆனா இது என்ன, எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லாம குடுத்தேன். நீங்க என்கிட்ட சொல்லல, நான் உங்ககிட்ட கேக்கல. ரெண்டு பேருமே கையை விட்டுட்டோம். தப்பு நடந்தது, நான் இல்லைன்னு சொல்லல. போயிட்டா மட்டும் கரி திரும்பி வந்துடுமா?”

காப்பாளர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

லிப்ட்டக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டவும் செய்தார். ஆனால் விரலை விடவில்லை.

“பிடிச்சாச்சுன்னு யாரு சொல்லுவாங்க சார்? நீங்க சொல்லுவீங்களா? தொட்டில் எது, அதுல யாரு தூங்கினா, எந்தப் பொட்டிக்கு அடியில செல் அரிக்குது, எந்தத் துணியை இன்னும் காய வைக்கல, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கம்பெனி ஆளு வரட்டும். ஒவ்வொரு சாமானா என் முன்னாடி நின்னு ‘பிடிச்சாச்சு’ன்னு சொல்லட்டும். அன்னைக்கே குடுத்துடறேன். இது நீங்க சொல்லிக்குடுத்த விதி.”

தையல்காரர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை. நானும் போய் நின்றேன். எனக்குப் பெரியவர்களை எதிர்த்து நின்று பழக்கமில்லை. பேக்கரிப் பெண் கடைசியாக எழுந்து வந்து, கறுப்புக் கைகளை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். இப்போது யார் செய்தது என்று காப்பாளருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். வெளியே போய்விட்டார்.

அன்று முதல் நாங்கள் வந்தோம், ஆனால் எதையும் தொடவில்லை. தொடக் கூடாது என்று லிப்ட்டக்கா சொல்லிவிட்டார். அறையைத் திறப்பார். கதவுக்கு வெளியே ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த தன் பழைய ‘பழுது’ பலகையை மாட்டுவார். எங்களை உள்ளே பெஞ்சில் உட்கார வைப்பார். நாங்கள் உட்கார்ந்திருப்போம். தெரியாமல் தொடுவதைவிடத் தெரிந்து உட்கார்ந்திருப்பது மேல் என்பார். போகவும் மாட்டோம், தொடவும் மாட்டோம், சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. காவலாளி எங்களுக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போலப் போவார்.

ஒருநாள் அண்ணன் வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, வெட்கமாக இல்லையா, போகச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படி, பட்டன் அமுக்கின கைக்கு இதெல்லாம் எதற்கு என்றும் சொன்னார்.

லிப்ட்டக்கா எழுந்து அவரிடம் போனார். மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணா, அமுக்கினது நான். ஏறினதும் இறங்கினதும் ஊரு. இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் தப்பான மாடியில இறக்கி விட்டதில்ல. நீங்க வீட்டுக்குப் போங்க. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க அண்ணிகிட்ட. நான் வந்தா காத்து வேணும்.”

அண்ணன் பெஞ்சில் இருந்த எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு போனார். அன்று தான் வீடு திரும்பியபோது ஜன்னல் திறந்திருந்தது என்று அக்கா என்னிடம் சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். லிப்ட்டக்கா அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பிடிக்கிறீர்களா என்று கேட்டார். அவர்கள் பாதிக்கு மேல் வரவில்லை. இது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் காப்பாளர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பெஞ்சுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்தார். இந்தத் துரு போக வேண்டும், இது இரும்பைத் தின்னும் என்றார். இந்தக் கைப்பிடியில் தேய்ந்திருக்கிறதே, இது போகக் கூடாது, இது ஒருவருடைய விரல் என்றார். எது தூசி, எது ஒருவர் விட்டுப்போன தடம் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை என்பது எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. பேக்கரிப் பெண் எல்லோருக்கும் முன்னால் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அவள்தான் அதிகம் கேள்வி கேட்டாள். முடிந்ததும் காப்பாளர் இஸ்திரிப் பெட்டியை அவளிடம்தான் நீட்டினார். அவள் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து ‘பிடிச்சாச்சு’ என்றாள்.

தையல்காரர் துணிக் கிழிசல்களை நாடாவாக வெட்டிக் கொடுத்தார். தொடக் கூடாததற்குச் சிவப்பு, தூசி தட்டலாம் என்றால் வெள்ளை. ஒவ்வொரு சாமானிலும் ஒன்று கட்டினோம். அறை முழுக்க நாடா. தையல்காரர் என் கழுத்தில் ஒரு சிவப்பைக் கட்டிவிட்டார். இவனைத் தட்டினால் உதிர்ந்துவிடுவான் என்றார்.

அண்டாவை என்ன செய்வது என்பது மட்டும் மிச்சம். கிடங்கில் வைத்துவிடலாம் என்றது தலைமை அலுவலகம். லிப்ட்டக்கா கூடாது என்றார். மறைத்தால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள் என்று காப்பாளரிடம் தனியாகச் சொன்னார். அப்போது பேக்கரிப் பெண்தான் வாயைத் திறந்தாள். அடியை நான் தேய்க்கவில்லை, அடியில் கரி இருக்கிறது என்றாள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து, ‘பிடிச்சாச்சு’, ‘பிடிச்சாச்சு’ என்று சொல்லிச் சொல்லி அண்டாவைத் தூக்கி உயரமான இரும்புச் சட்டத்தில் வைத்தோம். தையல்காரர் தன் கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுவந்து அதன் கீழே படுக்க வைத்தார். குனிந்து பார்த்தால் அடியில் இருக்கும் கறுப்பு, வெள்ளத்து வருஷத்துக் கதவுகளின் கறுப்பு, கண்ணாடியில் தெரியும்.

பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். வெள்ளத்தின் கதையை எழுதிவிட்டு, கடைசியில், “இதன் மேலிருந்த கரியை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டோம். மிச்சம் அடியில் இருக்கிறது. இப்படிக்கு, இந்தக் கூடத்தில் உழைத்தவர்கள்” என்று இருந்தது. விழாவுக்கு முன்பு வந்த மேலதிகாரி, கடைசி வரிகளை எடுக்கச் சொன்னார். அருங்காட்சியகத்துக்குத் தலைகுனிவு என்றார். லிப்ட்டக்கா பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஆனால் அவர் பேச வேண்டி வரவில்லை. காப்பாளர் வந்து அவருக்கும் முன்னால் நின்றார். அதை எழுதியது தான்தான் என்றும், இந்தக் கூடத்தில் எல்லாச் சாமானும் ஒருவர் செய்ததைத்தான் சொல்கிறது, இதுவும் அப்படியே சொல்லட்டும் என்றும் சொன்னார். வரிகள் இன்றும் இருக்கின்றன. ஜனங்கள் சிலைகளைவிட்டு அங்கே வந்து குனிகிறார்கள்.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு லிப்ட்டக்கா காப்பாளரிடம் சாவியை நீட்டினார். காப்பாளர் பிடித்தார். இவர் விடவில்லை. காப்பாளருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

“பிடிச்சாச்சும்மா” என்றார்.

அக்கா விரலை விட்டார்.

அதற்குப் பிறகும் அவர் அந்தக் கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். புதிதாக வருகிறவர்களை நிற்க வைத்து, உனக்கு எது என்று கேட்பார். பேக்கரிப் பெண் இப்போது பாத்திரப் பகுதிக்குப் பொறுப்பாளர். வருகிறவர்களை அண்டாவுக்கு அழைத்துப்போய், இதைத் தேய்த்தது நான்தான் என்று அவளே சொல்லித் தொடங்குவாள்.

பிறகு லிப்ட்டக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று சேர்த்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். ஆபரேஷன் நாளில் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முறை என்னுடையதாக அமைந்தது. கேட்டு வாங்கினேன் என்பதுதான் நிஜம். அண்ணனும் அண்ணியும் வார்டு வாசலில் நின்றார்கள். அண்ணன் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

அந்தப் புது லிப்ட்டில் அவர் அன்றைக்குத்தான் ஏறினார். படுத்தபடியே கூரையையும் பட்டன்களையும் பார்த்தார். ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொன்னது. சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரு அழறான்னு இதுக்குத் தெரியுமா என்றார். எனக்குக் கண் மறைத்தது. அவர் பார்க்காமல் இருக்கட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அவரும் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தியேட்டர் கதவு வரைக்கும்தான் நான் போகலாம். அங்கே பச்சை உடையில் இரண்டு பேர் வந்து வண்டியின் மறுமுனையைப் பிடித்தார்கள். அவசரக்காரர்கள், ஒன்றும் பேசாமல் இழுத்தார்கள். என் கை விடவில்லை. மனதுக்குள் பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது, அது பாதியில் நின்றுவிட்டது. வண்டி நகராததைப் பார்த்து அவர்கள் என்னை முறைத்தார்கள்.

லிப்ட்டக்கா தலையைத் தூக்கினார். ஊசி போட்டிருந்ததால் நாக்கு குழறியது. ஆனால் குரல், பின் அறையில் ஏணி தூக்கும்போது வருமே, அதே குரல்.

“அவன் விட மாட்டான். முதல்ல ‘பிடிச்சாச்சு’ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க.”